முதல் வாரம் புளியங்கொட்டை போதும்: புதிதாக டியூஷன் எடுப்பவர்களுக்கு

போன ஜூனில், கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசகசாலையில் சாயங்கால டியூஷன் தொடங்கினோம். மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை இருபத்திரண்டு பிள்ளைகள். சொல்லிக்கொடுக்க ஐந்து பேர். நாலு பேர் காலேஜில் படிக்கிறவர்கள், ஒருத்தி பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கற்றல் பாணி இருக்கிறது, அதை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று எங்கோ படித்திருந்தேன். இணையத்தில் கிடைத்த, பதினாறு கேள்விகள் கொண்ட ஒரு தாளை ஒரு ராத்திரி உட்கார்ந்து தமிழில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளிடம் நீட்டினேன். தெரியாத இடத்துக்குப் போக என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி. நாலாம் வகுப்புப் பையன் நான்கு பதில்களையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தான்: "அம்மா கூட போவேன்." மற்றவர்கள் பக்கத்துத் தாளைப் பார்த்து டிக் போட்டார்கள். நாங்களும் அதை நம்பி, பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், செய்து படிப்பவர் என்று மூன்று பெஞ்சாகப் பிரித்து உட்காரவைத்தோம். இரண்டு மாதம் வீண்.

பிறகு விளையாட்டுக்கு மாறினோம். ஐஸ்பிரேக்கர் என்பார்களே, கூச்சம் போக ஆடும் சின்ன விளையாட்டுகள், அவைதான். ஆனால் பிள்ளைகளின் கூச்சத்தைப் போக்குவதைவிட, சொல்லிக்கொடுக்க வந்தவர்களுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் பழக்குவதுதான் அவற்றின் பெரிய பயன். நீங்கள் புதிதாக டியூஷன் தொடங்குகிறீர்கள் என்றால் எங்கள் இரண்டு மாதத்தை நீங்களும் தொலைக்க வேண்டாம். கீழே உள்ளபடி செய்து பாருங்கள்.

1. ஆள் பிடிக்கும்போது

பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் யாராவது "நானும் வரட்டுமா" என்று கேட்டால், சம்பளம் கொடுத்து வைக்க வேண்டாம். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. அவருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு.

ஐந்து பிள்ளைக்கு ஒரு ஆள் என்பது நல்ல கணக்கு. முதல் வாரம் மட்டும் ஒரு குழுவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் விளையாட்டை நடத்த, ஒருத்தர் சும்மா உட்கார்ந்து பார்க்க. நடத்துகிறவரால் பார்க்க முடியாது. பந்து எங்கே போகிறது, யார் அழுகிறார்கள் என்பதிலேயே நேரம் போய்விடும். இதற்கு ஆள் போதவில்லை என்றால் பிள்ளைகளைப் பாதியாகப் பிரித்து ஒருநாள் விட்டு ஒருநாள் வரச்சொல்லுங்கள். ஆளில்லாமல் மொத்தமாக நடத்துவது வேண்டவே வேண்டாம்.

2. கையில் இருக்கவேண்டிய தாள்கள்

தொடங்குவதற்கு முந்தைய வாரமே இவற்றை முடித்துவிடுங்கள். தொடங்கிவிட்டால் நடக்காது.

• சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொருவரின் ஆதார் நகல், படிக்கும் அல்லது படித்த கல்லூரியின் அடையாள அட்டை நகல். வெளியூர் ஆள் என்றால், தெரிந்த ஒருவரின் பரிந்துரைக் கடிதமும்.

• பெற்றோர் சம்மதக் கடிதம், ஒரு பக்கம் போதும். பிள்ளையின் பெயர், வகுப்பு, அவசரத்துக்கு இரண்டு போன் நம்பர், கூப்பிட்டுப் போக வருவது யார், ஒவ்வாத சாப்பாடு, வலிப்பு, ஆஸ்துமா ஏதாவது உண்டா. விளையாட்டும் நடக்கும் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். அந்த வரி இல்லாமல்தான் எங்களிடம் ஒரு அப்பா வந்து, "படிக்க அனுப்பினா இங்க பந்து எறியுதீங்களா?" என்று சத்தம் போட்டார்.

• போட்டோ எடுக்கலாமா என்பதற்குத் தனிக் கையெழுத்து. சம்மதக் கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒளித்துவைக்காதீர்கள்.

• மண்டபமோ வாசகசாலையோ, இடத்தைத் தருகிறவரிடமிருந்து எழுத்தில் ஒரு அனுமதி. வாய்ச்சொல்லை நம்பினால், கல்யாண சீசனில் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பீர்கள்.

• வருகைப் பதிவேடு ஒன்று, டியூட்டருக்கு ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. இந்த நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான்.

சுவரில் 1098 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குழந்தைகள் உதவி எண். பிள்ளைக்கு எங்கோ பாலியல் தொந்தரவு நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். "நமக்கெதுக்கு" என்று விட முடியாது. இதை டியூட்டர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

3. நாளும் நேரமும்

பள்ளி திறக்கும் ஜூனிலேயே நம் மாவட்டத்தில் மழையும் பிடித்துவிடும். அது விட்டு மூச்சுவிடுவதற்குள் அக்டோபர், நவம்பரில் அடுத்த மழை. அதனால் திறந்தவெளியை நம்பித் திட்டம் போடாதீர்கள். கீழே நான் சொல்லும் விளையாட்டுகள் எல்லாம் கூரைக்குக் கீழே, பாய் விரித்த இடத்தில் ஆடக்கூடியவைதான்.

சாயங்காலம் ஐந்தரைக்கு முன்னால் தொடங்க வேண்டாம். பள்ளிவிட்டு வந்து ஏதாவது வயிற்றுக்குள் போனால்தான் பிள்ளை பிள்ளையாக இருக்கும். அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகும் அம்மாமார் வீடு திரும்பும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் வரும் பிள்ளைகள் பலர் பசியோடு வருவார்கள், பசியில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து "கவனம் இல்லாதவன்" என்று எழுதிவிடுவீர்கள்.

கடற்கரை ஊர் என்றால் இன்னொரு கணக்கு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்பாமார் வீட்டில் இருப்பார்கள், பெற்றோர் கூட்டத்துக்கு இதைவிட நல்ல சமயம் கிடையாது. ஆனால் கையில் காசு இருக்காது, நோட்டுக்கு ஸ்கெட்சுக்கு என்று அப்போது பணம் கேட்காதீர்கள்.

மொத்தக் கால அளவு: டியூட்டர்களுக்கு ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம். பிள்ளைகளுக்கு மூன்று சாயங்காலம், தலா நாற்பது நிமிடம். அவ்வளவுதான்.

4. செலவு

எங்களுக்கு ஆனது 640 ரூபாய். சார்ட் பேப்பர் பத்து, ஸ்கெட்ச் பேனா இரண்டு பெட்டி, துணிப் பந்து ஒன்று, ஐந்து நோட்டு, ஜெராக்ஸ். டியூட்டர்களுக்குக் கட்டஞ்சாயாவும் வடையும். பிள்ளைகளுக்கு மட்டிப்பழம் ஒரு குலை எங்கள் வீட்டிலிருந்து, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. புளியங்கொட்டை, சிரட்டை, தென்னோலை எல்லாம் சும்மா கிடைப்பவை. "ஆக்டிவிட்டி கிட்" என்று ஆயிரக்கணக்கில் விலைபோட்டு விற்பார்கள், வாங்காதீர்கள். நான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

5. முதலில் டியூட்டர்கள் விளையாட வேண்டும்: ஓலைப்பந்து

இதைத் தாண்டி நேராகப் பிள்ளைகளிடம் போகாதீர்கள். நம் டியூட்டர்கள் எல்லோரும் ஓரளவு நன்றாகப் படித்தவர்கள். தாங்கள் படித்த விதத்திலேயே எல்லோரும் படிப்பார்கள் என்ற நினைப்பு ஆழமாக இருக்கும். அது சொன்னால் போகாது, திணறினால்தான் போகும்.

தென்னோலைக் கீற்றில் பந்து முடையத் தெரிந்த ஒரு பாட்டியையோ தாத்தாவையோ கூட்டிவாருங்கள். டியூட்டர்களை நான்கு மூலையில் உட்காரவையுங்கள். ஒரு மூலைக்கு வாயால் மட்டும் சொல்லவேண்டும், கையைக் காட்டக்கூடாது. இரண்டாவது மூலைக்குச் செய்துகாட்டவேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. மூன்றாவது மூலைக்கு எழுதிய செய்முறை மட்டும். நான்காவது மூலைக்கு முடைந்த பந்து ஒன்றைக் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம்.

எங்கள் பி.எட். பெண், கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கியவள், எழுதிய தாளோடு உட்கார்ந்து மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டாள். "இடது கீற்றை வலதின் அடியில் விடு" என்று இருக்கிறது, எது இடது? கீற்றைத் திருப்பிய பிறகுமா இடது? கண்ணில் தண்ணீர் வராத குறை. வாயால் மட்டும் கேட்ட பையன் இரண்டாவது நிமிடத்திலேயே ஓலையைக் கீழே போட்டுவிட்டு ஜோக் அடிக்கத் தொடங்கினான். பாட்டி அவனைப் பார்த்து, "லேய் மக்களே, தெரியாததுக்குத்தான் சிரிக்குத" என்றார். அந்த ஒரு வரிக்காகவே பாட்டிக்கு இன்னொரு சாயா கொடுத்தோம். வகுப்பில் சேட்டை செய்யும் பாதிப் பிள்ளைகளின் விஷயம் அதில் இருக்கிறது.

பதினைந்து நிமிடத்தில் ஒரு மூலையிலும் பந்து உருவாகவில்லை. பிறகு மூலைகளைக் கலைத்து, பாட்டி சொல்லிக்கொண்டே செய்ய, இவர்களும் கூடவே செய்ய, தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டபோது பத்து நிமிடத்தில் மூன்று பந்து வந்தது. ஒன்று கோணல்தான், ஆனாலும் உருண்டது.

முடிந்ததும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்த இடத்தில் தடுக்கியது, அப்போது என்ன செய்தாய்?" எந்தப் பாணி உனக்குப் பிடித்தது என்று கேட்காதீர்கள். பிடித்ததும் பலித்ததும் வேறு வேறு.

6. பிள்ளைகளோடு மூன்று சாயங்காலம்

முதல் நாள், பேர்ப் பந்து. வட்டமாக உட்கார்ந்து, பெயரைச் சொல்லி ஒரு செய்கையும் செய்து பந்தை உருட்டவேண்டும். வாங்குகிறவர் முந்தின ஆளின் பெயரையும் செய்கையையும் திருப்பிச் செய்துவிட்டுத் தன்னுடையதைச் சொல்லவேண்டும். சிலருக்குப் பெயர் நிற்கும், சிலருக்குச் செய்கை நிற்கும். எறிய வேண்டாம், உருட்டினால் போதும், டியூப்லைட் விலை தெரியும்தானே.

அதே நாள் ஐந்து நிமிடம் தட்டு விளையாட்டு. டியூட்டர் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று சிரட்டையில் தாளம் தட்ட, அவர்கள் திருப்பிக் கைதட்டவேண்டும். முன்னால் நின்று தட்டினால் கண்ணால் பார்த்தே தட்டிவிடுவார்கள். பின்னால் நிற்கும்போது ஒரு பிள்ளை எப்போதும் அடுத்தவரைப் பார்த்துவிட்டே தட்டினால், காது சரியாகக் கேட்கிறதா என்று வீட்டில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள், புளியங்கொட்டை. இதற்கு முழு நாற்பது நிமிடமும் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் இரண்டு கை நிறையக் கொட்டுங்கள். "எத்தனை இருக்கும்?" என்று முதலில் குத்துமதிப்பாகக் கேளுங்கள். பிறகு எண்ணச் சொல்லுங்கள். எப்படி எண்ணவேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். டியூட்டருக்கு வாய் அரிக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும்.

எங்களிடம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எண்ணவே தொடங்கவில்லை. பெரியது, நடுத்தரம், சின்னது, பூச்சி அரித்தது என்று நாலு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். டியூட்டர் நோட்டில் "மெதுவானவள்" என்று எழுதப்போக, நான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன். பிரித்து முடித்த பிறகு குவியல் குவியலாக எண்ணிக் கூட்டி 118 என்றாள். திருப்பி எண்ணினோம், 118தான். அவள் அம்மா அண்டி ஆபீசில் பருப்புத் தரம் பிரிக்கிறவர். வீட்டில் பார்த்தது கைக்கு வந்திருக்கிறது. இன்னொரு பையன் பத்துப் பத்தாக வரிசை வைத்தான். ஒருத்தி உதடு அசைய ஒன்று ஒன்றாக எண்ணி, நடுவில் யாரோ கூப்பிட, எண்ணிக்கை போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மூன்று முறை. அவளுக்குத் தேவை பாணி அல்ல, இடையில் குறித்துவைக்கும் பழக்கம். பத்துக்கு ஒரு கோடு போடச் சொன்னோம், முடிந்தது.

மூன்றாம் நாள், வழி சொல்லு. பள்ளிக்கூடத்திலிருந்து டியூஷனுக்கு எப்படி வரவேண்டும் என்று ஊருக்குப் புதிதான ஒருவருக்குச் சொல்லவேண்டும். டியூட்டர்தான் அந்தப் புது ஆள். சார்ட், ஸ்கெட்ச், சாக்பீஸ், சிரட்டை எல்லாம் நடுவில் கிடக்கட்டும், எதை எடுக்கச் சொல்லியும் கட்டாயம் வேண்டாம். ஒரு பிள்ளை தரையில் படம் போடும். ஒன்று எழுந்து நடந்தே காட்டும். ஒன்று, "குருசடி தாண்டி, ரப்பர் ஷீட் காயப்போட்டிருக்குமே, அந்த நாத்தம் வரும், அங்க திரும்பணும்" என்று மூக்கால் வழி சொல்லும். அப்படி ஒருவன் உண்மையிலேயே சொன்னான், அந்த முக்கைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது.

முதல் தடவை "உன் வீட்டுக்கு வழி சொல்லு" என்றுதான் நடத்தினோம். செய்யாதீர்கள். சில பிள்ளைகளுக்கு வீட்டைப் பற்றிப் பேசவே கூச்சம். தவிர, பிள்ளையின் வீட்டு வழி சார்ட்டில் எழுதிச் சுவரில் தொங்குவது நல்லதும் அல்ல.

7. நோட்டில் என்ன எழுதுவது

கண்ணால் கண்டதை மட்டும். "கெட்டிக்காரி", "மந்தம்", "பார்த்துப் படிக்கிறவன்" என்ற சொற்களுக்கு எங்கள் நோட்டில் தடை. "முதலில் பிரித்தாள், பிறகு எண்ணினாள், 12 நிமிடம்" என்று எழுதலாம். "கேட்டதும் பதில் சொல்லவில்லை, அடுத்தவன் சொன்ன பிறகு சொன்னான்" என்று எழுதலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று வரி. பிள்ளைகள் போனதும் பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதினால் கற்பனைதான் வரும்.

நோட்டைப் பிள்ளைகள் கையில் படாமல் வையுங்கள், பெற்றோரிடம் வாசித்துக் காட்டவும் வேண்டாம். அவர்களுக்குச் சொல்லவேண்டியதை வாயால் சொல்லுங்கள்.

8. வழுக்கும் இடங்கள்

பெரிய வழுக்கல், முத்திரை குத்துவது. கண், காது, வாசிப்பு, செய்கை என்று நாலாகப் பிரித்து நீல் ஃபிளெமிங் என்ற நியூசிலாந்துக்காரர் 1992இல் தந்த கேள்வித்தாள்தான் உலகமெல்லாம் சுற்றுகிறது, நான் மொழிபெயர்த்ததும் அதன் ஒரு வடிவமே. 2008இல் அமெரிக்க உளவியலாளர்கள் நாலு பேர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். பிள்ளையின் பாணிக்கு ஏற்றபடி பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகப் படிக்கிறது என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்றார்கள். பிள்ளைக்கு விருப்பங்கள் இருப்பது நிஜம். அந்த விருப்பத்துக்குள்ளேயே பூட்டிவைப்பதால் லாபம் இல்லை.

எங்கள் பெஞ்ச் கதைக்கு வருகிறேன். "அம்மா கூட போவேன்" என்று எழுதிய பையனைக் "கேட்டுப் படிப்பவன்" பெஞ்சில் போட்டிருந்தோம். போர்டைப் பார்க்கவே மாட்டான், வாயால் சொன்னால் டக்கென்று பிடிப்பான். வழி சொல்லு விளையாட்டின்போது தன் சார்ட்டை முகத்துக்கு நாலு விரல் தூரத்தில் வைத்துப் படம் போட்டான். அன்றைக்குச் சும்மா உட்கார்ந்து பார்க்கும் முறை இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. அம்மா அவனை ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி வந்தது. இப்போது போர்டில் எழுதுவதற்குள் படித்துவிடுகிறான். இரண்டு மாதமாக நாங்கள் பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தது கிட்டப்பார்வை.

அதேபோல மொழி. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் உண்டு. தமிழில் வாசிக்கத் தயங்கினால் அது வாசிப்புப் பாணி இல்லை என்று அர்த்தமல்ல. புளியங்கொட்டையை எந்த மொழியில் எண்ணினாலும் விடுங்கள்.

மற்றவை சின்னச் சின்னவை. ஜெயித்தவருக்குப் பரிசு கொடுக்காதீர்கள், கொடுத்த நிமிடமே எல்லோரும் ஒருவனைக் காப்பியடிப்பார்கள். பேசாத பிள்ளையைப் பேசச்சொல்லி வட்டத்துக்கு நடுவில் நிறுத்தாதீர்கள். பிள்ளைகளைத் தொட்டு ஆடும் விளையாட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் ஒரே வட்டத்தில் போட்டால் பெரியவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

9. இரண்டாம் வாரம் பாடத்துக்கு வரும்போது

பிள்ளைக்கொரு பாணி என்று தேடாமல், பாடத்துக்கு எது பொருந்தும் என்று பாருங்கள். மாவட்டப் படத்தைப் பார்த்தும் வரைந்தும்தான் படிக்கவேண்டும், காதால் கேட்டு ஆகாது. திருக்குறளை வாய்விட்டுச் சொல்லாமல் மனசில் ஏற்ற முடியாது, எந்தப் பிள்ளையாக இருந்தாலும். பின்னம் என்றால் மட்டிப்பழத்தை வெட்டி, அதையே வரைந்து, "நாலில் மூன்று" என்று சொல்லி, எண்ணால் எழுதி, நாலு வழியிலும் எல்லோரும் போகவேண்டும். நோட்டு எங்கே உதவும் என்றால், எந்தப் பிள்ளையை எந்த வாசல் வழியாக முதலில் கூப்பிடுவது என்பதில்தான். பிரித்து எண்ணிய பெண்ணுக்குப் பின்னத்தைக் குவியலில் தொடங்கினோம். ஆனால் எண்ணால் எழுதுவதில் அவளுக்கு விலக்குக் கிடையாது.

ஆறு வாரம் கழித்து, காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால், புளியங்கொட்டை விளையாட்டை மட்டும் இன்னொரு தடவை நடத்தி, வேறொரு டியூட்டரை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது பிள்ளையின் குணம், எது அன்றைய பசி என்று பிரிந்துவிடும்.

கொட்டையை நன்றாக வெயிலில் காயவைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். எங்களுடையதைப் பையோடு அலமாரிக்கு மேல் வைத்துவிட்டோம், மறுபடி எடுத்தபோது பாதிக்கு மேல் வண்டு.